வெந்தயத்துக்குள் ஹார்மோன் இருக்கிறதா?

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் மெடிக்கலுக்கு வருவார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குறுகலான தெரு, ஆறடி அகலக் கடை, நான் அங்கே ஃபார்மசிஸ்ட். போன மாதம் வந்தவர் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகும் நகரவில்லை. "கையி ரெண்டும் ஐஸ்ல கீது கண்ணு. மூஞ்சி மட்டும் அடுப்பாண்ட நிக்கிற மாதிரி எரியுது. ரெண்டு நிமிசம்தான். அப்பால தொப்பலா வேர்த்து ஊத்துது" என்றார். வயது 48. மாதவிலக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

பக்கத்தில் கடை போடும் அம்மா சொன்னார் என்று ஒரு பொடி வாங்கியிருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் 'பெண்களுக்கான இயற்கை ஹார்மோன்' என்று ரோஜா நிற எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ஐந்து பெயர்கள்: வெந்தயம், அதிமதுரம், தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை, எள். "இதுல நெசமாவே ஹார்மோன் கீதா?"

பின்னால் நாலு பேர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுக்கா" என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். மழுப்பலாக இருந்தாலும் சொன்னது பொய் இல்லை. ஏன் என்று இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஹார்மோன் என்பது உடம்புக்குள் போகும் ஒரு சேதி. ஓரிடத்தில் சுரக்கும், ரத்தத்தில் கலந்து போய் வேறோர் இடத்தில் வேலையைத் தொடங்கி வைக்கும். அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், 1905ல். ஆகவே 'சித்தர்கள் அருளிய ஹார்மோன் பொடி' என்று யாராவது விற்றால் சிரித்துக்கொள்ளலாம். சித்த மருத்துவத்துக்கு வாதம், பித்தம், கபம் என்று சொந்தக் கணக்கு இருக்கிறது. அதன் மேல் இந்தக் கணக்கைப் பசை போட்டு ஒட்டினால் இரண்டுமே கிழியும்.

பெண்ணுடலில் முக்கியமான சேதிக்காரர் ஈஸ்ட்ரோஜன். அதில் வலுவானது சினைப்பை சுரக்கும் எஸ்ட்ராடையால். கருப்பையின் உள்சுவரை வளர்ப்பது, எலும்பின் சுண்ணாம்பைக் காப்பது என்று அதற்கு ஏகப்பட்ட வேலை. மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதியும் அதன் பேச்சைக் கேட்கும். 46, 47 வயதை ஒட்டிச் சினைப்பை ஓயத் தொடங்கும்போது அந்தப் பகுதி சிடுசிடுப்பாகிவிடுகிறது. உடம்பு கடுகளவு சூடானாலும், 'ஐயோ வேகுது' என்று முகத்துக்கு ரத்தத்தைத் திருப்பி, வேர்வையைத் திறந்துவிடுகிறது. அக்காவின் ஐஸ் பெட்டியால் அதைச் சமாதானப்படுத்த முடியாது. கோளாறு தோலில் இல்லையே.

சரி, சேதி எப்படிப் போய்ச் சேருகிறது? செல்லுக்குள் அதற்கென்று ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. எஸ்ட்ராடையால் போய் அதில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். சில செடிகள் தயாரிக்கிற ரசாயனங்கள் தற்செயலாக ஏறத்தாழ அதே உருவத்தில் இருப்பதால், அவையும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. இவற்றைத்தான் தாவர ஈஸ்ட்ரோஜன் என்கிறோம். செடி இதை நமக்காகச் செய்யவில்லை. பூஞ்சையை விரட்ட, வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவைக் கூப்பிட என்று அதன் சொந்தத் தேவைக்குச் செய்கிறது.

உட்காருவது ஒன்று, வேலை செய்வது வேறொன்று. வடசென்னைக்காரர்களுக்கு ஷேர் ஆட்டோவை வைத்துச் சொன்னால் புரியும். பாரிமுனையில் ஏறி திருவொற்றியூர் தேரடி வரை போகிறவர் எஸ்ட்ராடையால், முழு டிக்கெட். ராயபுரத்திலேயே இறங்கிவிடுகிறவர் தாவர ஈஸ்ட்ரோஜன். அவரும் சீட்டில்தான் உட்காருகிறார், ஆனால் கொடுக்கிற காசு கம்மி. ஆட்டோ காலியாக ஓடுகிற மத்தியானத்தில் அவர் ஏறினால் டிரைவருக்கு டீ காசாவது தேறும். ஆபீஸ் விடுகிற நேரத்தில் அவர் ஏறினால், தேரடிக்குப் போக வேண்டியவர் ரோட்டிலேயே நிற்பார், கலெக்‌ஷன் குறையும். மாதவிலக்கு நின்றவரின் உடம்பு மத்தியான ஆட்டோ. 25 வயதுப் பெண்ணின் உடம்பு ஆறு மணி ஆட்டோ. ஒரே பொருள் ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜன் போலவும், இன்னொருவருக்கு அதைத் தடுப்பது போலவும் நடந்துகொள்வது இதனால்தான். 'ஹார்மோனைச் சமன் செய்யும்' என்ற விளம்பர வாசகம் இந்த அரை உண்மையிலிருந்து பிறந்தது. அரை உண்மை என்று ஏன் சொல்கிறேன் என்றால், எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று பொடிக்குத் தெரியாது.

இதற்கு மேல் உவமையை இழுத்தால் ஆட்டோ கவிழ்ந்துவிடும். இன்னும் ஒன்றே ஒன்று. ஏற்பி ஒரே வகை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1996ல் இரண்டாவது வகை கண்டுபிடிக்கப்பட்டது. பழையதற்கு ஆல்ஃபா, புதியதற்கு பீட்டா என்று பெயர். கருப்பையில் ஆல்ஃபாதான் மேலோங்கி இருக்கும். சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் என்ற பொருள் பீட்டாவில்தான் விரும்பி உட்காரும். எஸ்ட்ராடையால் அப்படிப் பார்ப்பதில்லை, இரண்டிலும் ஏறும். ஆகவே 'செடியிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன்' என்றால் மாத்திரை ஈஸ்ட்ரோஜனின் சின்னத் தங்கச்சி என்று நினைக்கக் கூடாது. ஏதோ ஒன்றுவிட்ட உறவு, அவ்வளவுதான்.

பலவீனமான பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று தள்ளிவிடவும் முடியாது. எஸ்ட்ராடையால் ரத்தத்தில் இருக்கும் அளவு பிக்கோகிராம் கணக்கு, அதாவது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சோயா நிறைய சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் ஐசோஃபிளேவோன் (ஜெனிஸ்டீன் போன்ற தாவர ஈஸ்ட்ரோஜன் வகை) அதைப் போல ஆயிரம் மடங்கு வரை ஏறும். தனித்தனியே நோஞ்சான்களாக இருந்தாலும் கூட்டமாக வந்தால் கதை மாறும். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இது பகிரங்கமாகத் தெரிந்தது. ஒரு வகை க்ளோவர் புல் மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்கவில்லை. பிடித்ததும் ஒழுங்காக ஈனவில்லை. மேய்ச்சல்காரர்கள் தவித்துப்போனார்கள். 1946ல் அதைப் பற்றிய அறிக்கை வந்தது. பிறகு ஆராய்ந்தபோது, புல்லில் இருந்த ஐசோஃபிளேவோன் ஆட்டின் இரைப்பையில் மாறி ஈக்வால் என்ற இன்னும் வலுவான பொருளாகிறது என்று தெரிந்தது. அந்த ஆடுகள் நாள் முழுக்க அதையே தின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் அப்படி எதையும் தின்பதில்லை.

இந்த ஈக்வால் கதை நம் வயிற்றிலும் நடக்கிறது. சோயா சாப்பிடும் எல்லோருக்கும் அது உண்டாவதில்லை, குடலில் அதற்கான பாக்டீரியா இருந்தால்தான் உண்டாகும். மேற்கத்திய நாடுகளில் நாலில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ அது இருக்கிறது. ஜப்பானில் பாதிப் பேருக்கு அல்லது சற்றே கூடுதலானவர்களுக்கு. ஆளி விதையிலும் எள்ளிலும் உள்ள லிக்னான் என்ற இன்னொரு வகைப் பொருள்களும் அப்படித்தான், குடல் பாக்டீரியா உடைத்துக் கொடுத்த பிறகே வேலைக்கு வரும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அந்த உற்பத்தி படுத்துவிடுகிறது. 'எங்க அண்ணிக்குக் கேட்டுது, எனக்குக் கேக்கலியே' என்று கேட்பவர்களுக்கு இதில் ஓரளவு பதில் கிடைக்கும். அண்ணியின் குடல் வேறு. (ஆளி விதையை முழுசாக விழுங்குகிறவர்கள் கவனிக்க: அது வந்த வழியே முழுசாகப் போய்விடும். பொடித்துச் சாப்பிடுங்கள்.)

இனி அக்காவின் பாக்கெட்டுக்கு வருவோம். எள்ளைச் சொல்லியாயிற்று. தாவர ஈஸ்ட்ரோஜன் என்ற பெயருக்கு அந்த ஐந்தில் பொருந்துவது அதுவும், ஓரளவுக்கு அதிமதுரமும்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட சோயா பாக்கெட்டில் இல்லவே இல்லை. அது நம் வீட்டு பிரியாணியில் மீல்மேக்கர் என்ற பெயரில் கிடக்கிறது, யாரும் அதை மருந்தாக மதிப்பதில்லை.

வெந்தயம்தான் எனக்குப் பிடித்த கதை. வெந்தயத்தில் டையோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து இதே டையோஸ்ஜெனினைப் பிரித்து, அதைப் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை மிருகங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டிருந்த, தங்கத்தை விட விலை கூடிய ஹார்மோன் கிலோ கணக்கில் கிடைத்தது. பிற்பாடு கருத்தடை மாத்திரை வந்ததற்கும் இது ஒரு படி. இந்த வரலாற்றைப் பாதி கேட்டவர்கள்தான் 'வெந்தயத்தில் ஹார்மோன் இருக்கிறது' என்கிறார்கள். மார்க்கர் அந்த மாற்றத்தை ஆய்வுக்கூடத்தில், அமிலமும் சூடும் வைத்து, படிப்படியாகச் செய்தார். அதைச் செய்யக்கூடிய என்சைம் மனித உடம்பில் கிடையாது. காசிமேட்டிலிருந்து நாலு படகு நிறைய மீன் வந்து இறங்கியிருக்கிறது என்பதற்காக நம் அடுப்பில் குழம்பு கொதித்துவிடுமா?

வெந்தயம் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதன் நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் கைப்பிடி வெந்தயத்தையும் சேர்த்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடக் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறையச் சாப்பிட்டால் வேர்வையிலேயே அதன் வாசம் வீசும். ஏற்கெனவே வேர்த்து ஊற்றும் ஒருவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி. பார்த்திருப்பீர்கள், வெள்ளை விரல்கள் கொத்தாகத் தொங்குவது போல இருக்கும். காலங்காலமாகத் தாய்ப்பால் ஊறக் கொடுப்பது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா புட்டு கொடுப்பார்கள், ஊருக்கு ஊர் ஒன்று. இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. குழந்தை பிறந்ததும் புரொஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் சட்டென்று விழுவதால்தான் பால் சுரப்புக்கு வழி திறக்கிறது. பாலூட்டும் ஆரம்ப மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்கச் சொல்வதும் பால் குறைந்துவிடக் கூடும் என்பதால்தான். அப்படியானால் ஒரே பாக்கெட்டில் 'ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும்' என்றும் 'தாய்ப்பாலைப் பெருக்கும்' என்றும் எழுதியிருந்தால் எதை நம்புவது? கிழங்கில் சத்தாவரின் என்ற சப்போனின் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. அவை நேராக ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் உட்காருகிறவை என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

அசோகப்பட்டை அதிக ரத்தப்போக்குக்கு மரபாகக் கொடுப்பது. துவர்ப்பு மிகுந்தது. ஹார்மோன் என்ற தலைப்பில் அதைச் சேர்த்தது பாக்கெட்காரரின் தாராள மனசு. என் கவலை வேறு. சென்னையில் பள்ளிக்கூட மதில் ஓரம் ஈட்டி மாதிரி நெட்டுக்கு நிற்கும் மரத்தை நாம் எல்லோரும் அசோக மரம் என்கிறோம். அது நெட்டிலிங்கம், அசோகமே அல்ல. உண்மையான அசோகம் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், காடுகளில் அருகிக்கொண்டே வருகிறது. பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தால் எந்த மரத்தை உரிப்பார்கள்? நெட்டிலிங்கப் பட்டையை அசோகப்பட்டையில் கலப்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த சங்கதி. பொடியாக்கிய பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ராசப்பச் செட்டித் தெருவில் பட்டையைப் பட்டையாகவே நிறுத்து வாங்கி, வீட்டில் இடித்துக்கொண்ட நம் பாட்டிமார்கள் அந்த வகையில் நம்மை விட உஷார்.

அதிமதுரம். இங்கேதான் நான் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். அதிமதுரத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் லேசாக உட்காரும் பொருள்கள் உண்மையாகவே உண்டு. ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின் வேறொரு ஹார்மோன் கணக்கில் கை வைக்கிறது. நம் உடம்பில் கார்டிசோல் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பியைத் தொடாமல் இருக்க, ஒரு என்சைம் காவல் காக்கிறது. கிளிசரைசின் அந்தக் காவலாளியைத் தூங்க வைத்துவிடும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும், கால் வீங்கும். தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டை இரண்டு நாள் சப்புவதால் ஒன்றும் ஆகிவிடாது. தினம் இரண்டு வேளை பொடியாக மாதக்கணக்கில் சாப்பிடுவது வேறு சமாசாரம், அதுவும் பிரஷர் மாத்திரையோடு. 'ஹார்மோன் போல வேலை செய்யும்' என்று யாராவது சொன்னால், 'எந்த ஹார்மோன்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, என்று வருகிற சின்னப் பெண்களும் இதே மாதிரிப் பொடியைக் கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் பற்றாக்குறை பிரச்சினையே இல்லை. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கூடுதல், இன்சுலின் சரியாக வேலை செய்யாதது, இவைதான் அடிப்படை. தாவர ஈஸ்ட்ரோஜன் அங்கே தவறான கதவைத் தட்டுகிறது.

அதெல்லாம் சரி, வேர்வைக்காவது கேட்குமா? ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற சுமார் 16,600 பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் சிகிச்சை ஆய்வு ஒன்று 2002ல் பாதியில் நிறுத்தப்பட்டது, மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியது என்பதால். உலகமே பயந்து மூலிகை பக்கம் ஓடியது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிலக்கு நின்ற சில வருடங்களுக்குள் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு என்பதும் பிறகுதான் நிதானமாகப் பேசப்பட்டது. அதற்குள் 'இயற்கை ஹார்மோன்' சந்தை வளர்ந்துவிட்டது. 2013ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 40க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தாவர ஈஸ்ட்ரோஜன் வேர்வையைக் குறைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தினம் 30 மில்லிகிராமுக்கு மேல் ஜெனிஸ்டீன் கொடுத்த ஆய்வுகளில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. வெறும் மாவு மாத்திரை கொடுத்தவர்களுக்கும் வேர்வை கணிசமாகக் குறைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. காலப்போக்கில் அது தானாகவும் தணியும். ஆகவே ஒருவருக்குக் குறைந்தால், பொடியா காலமா நம்பிக்கையா என்று பிரிப்பது கஷ்டம். இரண்டே நாளில் பிரமாதமாகக் கேட்கிற பொடி என்றால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஆங்கில மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்த மூலிகைப் பொடிகள் உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கின்றன.

சாப்பாடாக எள்ளுருண்டையும் சோயாவும் தின்பதைப் பற்றிப் பெரும்பாலோர் பயப்பட வேண்டியதில்லை. உணவாகச் சாப்பிடும் சோயா மார்பகப் புற்றுநோயைக் கூட்டுவதாக மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. சாரமாக எடுத்த மாத்திரையும் பொடியும் வேறு. ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைப் புற்றுநோய் வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் சோயாவை அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது, சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்துத் துளி ரத்தம் பட்டாலும் பொடி தேடிப் போகாதீர்கள். நேராக ஸ்டான்லிக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ போங்கள்.

பாக்கெட்டில் இன்னொன்றும் பார்க்கலாம். மருந்தாக விற்றால் சித்தா அல்லது ஆயுர்வேத மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் இருந்தால் சட்டப்படி அது சாப்பாட்டுப் பொருள், நோயைத் தீர்க்கும் என்று எழுதக் கூடாது. 1954ல் வந்த மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம், பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. ஆட்டோ முதுகில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது.

அக்கா அடுத்த வாரம் வந்தபோது கூட்டமில்லை. ஸ்டூலைப் போட்டு பிரஷர் பார்த்தேன், 160/100. மாத்திரையை விடாமல் போடுகிறாராம். பாக்கெட்டை வாங்கி, பின்பக்கம் அதிமதுரம் என்ற எழுத்தின் கீழ் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். "நெஞ்சு சளிக்குக் கொடுக்கிறதுதானே, அது இன்னா பண்ணும்?" என்றார். சொன்னேன். பொடியை நிறுத்துவது, இந்த வாரமே டாக்டரிடம் பிரஷரைக் காட்டுவது, அப்படியே வேர்வைக்கு என்ன வழி என்று கேட்பது என்று பேசி முடித்தோம். "எள்ளு துன்னலாமா?" என்றார். தாராளமாக என்றேன். 180 ரூபாய் பாக்கெட்டை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவாண்டயே குத்துடலாம்னா, அத்துக்கும் பிரஷர் கீதே" என்று மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார்.